பொறி கலங்காத அடிகள்

டெக்சாஸில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தி போன மாதம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "பையன் ஏழாம் கிளாஸ் போறான். ஸ்கூல் ஃபுட்பால் டீமுக்குப் பேர் குடுத்துட்டு வந்து நிக்கிறான். அந்த வில் ஸ்மித் படம் பாத்ததுலேர்ந்து எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உதறல். ஆனா கோச் சொல்றாரு, கன்கஷன் ஆனா உடனே வெளிய உக்கார வெச்சிடுவோம், டாக்டர் சொல்ற வரைக்கும் உள்ள விடமாட்டோம்னு. அப்படிப் பாத்துக்கிட்டா பயமில்லதானே? நீதான் இதெல்லாம் படிச்சிக்கிட்டே இருக்கியே."

பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் போட்டேன். "பயமில்ல. தலையில அடிபட்டா மறைக்காம சொல்லணும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லி வை."

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நான் சொன்னது தப்பு. தப்பென்று காட்டும் ஆய்வுக்கட்டுரையை நானே படித்து, குறிப்பெடுத்து, கணினியில் சேமித்தும் வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அவசரத்தில் வாயில் வந்தது கட்டுரை சொன்ன பதில் இல்லை, படம் சொன்ன பதில். இரண்டு மணி நேரப் படம் ஒன்று இரண்டு வருஷப் படிப்பை இப்படித் தள்ளிவிட்டுப் போகுமா என்று எனக்கே ஆச்சரியம். அந்த வார இறுதியில் 'கன்கஷன்' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். எங்கே வழுக்கினேன் என்று தேடியதில் கிடைத்தவை இவை.

படம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. (ஃபுட்பால் என்றால் இங்கே ஹெல்மெட் போட்டு ஒருவரை ஒருவர் முட்டும் அமெரிக்க ஆட்டம். நம்முடைய உதைபந்து பின்னால் வரும்.) பீட்டர் லேண்டஸ்மன் எழுதி இயக்கி 2015 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியான படம். ஜீன் மேரி லாஸ்கஸ் 2009-ல் ஒரு பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரைதான் மூலம். பிட்ஸ்பர்க் நகரில் சவப் பரிசோதனை செய்யும் நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு. அவர் மேஜைக்கு 2002 செப்டம்பரில் மைக் வெப்ஸ்டரின் உடல் வருகிறது. வெப்ஸ்டர் அந்த ஊருக்குக் குலதெய்வம் மாதிரி. 1974 முதல் 1990 வரை 17 சீசன் ஆடியவர், நான்கு முறை சாம்பியன் ஆன அணியின் சென்டர். கடைசியில் வண்டியிலேயே படுத்து உறங்கி, விழுந்த பல்லைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, 50 வயதில் செத்துப்போனார். வெளியிலிருந்து பார்த்தால் மூளையில் ஒரு குறையும் இல்லை. ஒமாலு சொந்தக் காசைப் போட்டு மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார். டாவ் என்கிற புரதம் திட்டுத்திட்டாக அடைந்து கிடக்கிறது. 2005-ல் கட்டுரையாக வெளியிடுகிறார். லீகின் மருத்துவக் குழு, அதை வாபஸ் வாங்கச் சொல்லி இதழுக்குக் கடிதம் எழுதுகிறது. அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மூட்டுவலி மருத்துவர். இது கதைக்காகச் சேர்த்ததில்லை, நிஜம்.

நல்ல இடங்கள் நிறையவே இருக்கின்றன. வெப்ஸ்டராக டேவிட் மோர்ஸ் வரும் காட்சிகள் ரெண்டாவது முறையும் தொண்டையை அடைத்தன. சடலத்தோடு பேசிவிட்டுக் கத்தியை எடுக்கும் ஒமாலு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நிற்கும் ஒமாலு, இவையெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்களின் தனிமையை ஓரளவு தொட்ட காட்சிகள். வில் ஸ்மித்தின் உச்சரிப்பு சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

சறுக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது.

படத்தின் நடுவே ஒமாலு ஒரு கணக்குச் சொல்வார்: வெப்ஸ்டர் தன் வாழ்நாளில் தலையில் வாங்கிய அடிகள் 70,000-க்கும் மேல். முதல் தடவை இதைக் கேட்டபோது 'அம்மாடியோ' என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை படத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். சென்டர் என்பவர் என்ன செய்கிறார்? குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுக்கிறார், கொடுத்த கணமே எதிரே நிற்கும் 120 கிலோ ஆளின் மேல் மோதுகிறார். ஒவ்வொரு ஆட்ட நகர்விலும். அதைவிட அதிகமாகப் பயிற்சியில். பள்ளிக்கூடத்திலிருந்து கணக்கு வைத்தால் இருபத்தைந்து வருஷம். 70,000-ஐ அதால் வகுத்தால் வருஷத்துக்கு 2,800 அடி. இதில் எத்தனை கன்கஷன்? அவர் சுருண்டு விழுந்து தூக்கிக்கொண்டு போன தடவைகள் எத்தனை? விரல் விட்டு எண்ணலாம் என்று வைத்துக்கொண்டாலும், மீதி அறுபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் அடிக்கு என்ன பெயர்?

நம் ஊரில் பலமாக மண்டையில் அடி விழுந்தால் 'பொறி கலங்கிடுச்சு' என்பார்கள். கன்கஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கண் இருட்டும், காது அடைக்கும், எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, ஐம்பொறியும் ஒரு நிமிஷம் இடம் மாறிவிட்டுத் திரும்பி வரும். அது வெளியே தெரியும், அதனால் எண்ணலாம். வெப்ஸ்டரின் அடிகளில் பெரும்பாலானவை பொறி கலங்காத அடிகள். வாங்கியவனுக்கே அது அடி என்று தெரியாது, அடுத்த நகர்வுக்குப் போய் நின்றுவிடுவான். படமும் 70,000 என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நகர்வுக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நம் மனதில் தங்குவதெல்லாம் பெரிய மோதல்கள்தான். சத்தம் கேட்கிற, கூட்டம் எழுந்து நிற்கிற மோதல்கள். சினிமாவால் அதைத்தான் காட்ட முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தோழி எடுத்துக்கொண்ட பாடம் அதிலிருந்து வந்தது. நான் சொன்ன பதிலும்தான்.

நான் மறந்துபோன கட்டுரை இதுதான். 2023-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது, பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினர் எழுதியது. இறந்துபோன 631 ஃபுட்பால் ஆட்டக்காரர்களின் மூளைகள். ஹெல்மெட்டுக்குள் கருவி வைத்து எடுத்த பழைய அளவீடுகளைக் கொண்டு, எந்த இடத்தில் ஆடினால், எந்த மட்டத்தில் ஆடினால், வருஷத்துக்குச் சுமார் எத்தனை அடி, ஒவ்வொன்றும் எவ்வளவு பலம் என்று ஓர் அட்டவணை போட்டார்கள். ஒவ்வொருவரும் ஆடிய வருஷங்களோடு அதைப் பெருக்கினார்கள். பிறகு மூளையில் சிடிஇ இருக்கிறதா, எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டார்கள். (சிடிஇ என்பது திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் வருஷக்கணக்கில் மெல்ல மூளை கெட்டுப்போகும் நோய். மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி டாவ் புரதம் படிந்திருப்பது அதன் அடையாளம். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க இன்றுவரை வழியில்லை.) வாழ்நாள் முழுக்க வாங்கிய அடிகளின் மொத்த பலம் ஏற ஏற நோயும் ஏறியது. கன்கஷன் எத்தனை முறை ஆனது என்ற எண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை மஞ்சள் மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வைத்து என்ன பிரயோஜனம்.

இது 2023-ல் திடீரென்று முளைத்த விஷயமும் இல்லை. 2010-லேயே பர்டியூ பல்கலைக்கழகத்தார் பள்ளிக்கூட ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்தார்கள். கன்கஷன் ஆனவர்களையும் ஆகாதவர்களையும் ஒப்பிடுவதுதான் நோக்கம். ஆகாத பையன்கள் சிலரிடமும் நினைவாற்றல் சோதனையிலும் ஸ்கேனிலும் மாற்றம் தெரிந்தபோது, ஒப்பிடுவதற்கு வைத்திருந்த கூட்டமே கைவிட்டுப் போயிற்று. அதே பையன்கள் அதுவரை எந்த டாக்டர் கண்ணிலும் படாதவர்கள், படுவதற்குக் காரணமும் இல்லாதவர்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று படிக்காத பாட்டிகள் சொன்னதைச் சாயமேற்றிய சீவல்களில் பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஹெல்மெட் இருக்கிறதே என்று கேட்கலாம். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிற மூளை, தலை சட்டென்று திரும்பும்போதும் நிற்கும்போதும் முறுக்கிக்கொள்வதை வெளியே இருக்கிற ஓடு தடுக்காது. மிதக்கும் மூளைக்கு முட்டுக்கொடுக்க எதுவுமில்லை என்பதை விளக்கத்தான் படத்தில் ஒமாலு மரங்கொத்தியை இழுக்கிறார். மரங்கொத்திக்கு நாக்கு மண்டையைச் சுற்றிப் போகிறது, அது அதிர்ச்சி தாங்கி, மனுஷனுக்கு அது இல்லை என்று. கேட்க அழகாக இருக்கும். 2022-ல் வந்த ஓர் ஆய்வு, மரங்கொத்தியின் தலையில் அதிர்ச்சி தாங்கும் ஏற்பாடே இல்லை, சுத்தியல் மாதிரி இறுக்கமாகத்தான் இருக்கிறது, மூளை ரொம்பச் சின்னது என்பதால் பிழைத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டது. படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது எல்லாப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றுக்குக் குறை சொல்லலாம். படம் வெளிவரும் முன்பே, சோனி நிறுவனத்தில் களவுபோன மின்னஞ்சல்களை வைத்து நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. லீகைக் கோபப்படுத்தாமலிருக்கச் சில இடங்களை மாற்றியிருக்கிறார்கள் என்பது செய்தி. இயக்குநர் மறுத்தார். உள்ளே என்ன நடந்ததோ, முடிந்த படத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. லீகை வில்லனாகக் காட்டியதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த வில்லன் பிழைப்பதற்கான வழியைத் தலைப்பிலேயே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிரச்சினைக்குப் பெயர் கன்கஷன் என்றால், கன்கஷனைப் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. படம் வந்து மூன்றே மாதத்தில், 2016 மார்ச்சில், லீகின் மூத்த துணைத்தலைவர் ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் ஃபுட்பாலுக்கும் சிடிஇ-க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். பெரிய விஷயம்தான். அடுத்த வருஷம் மைதானத்தின் ஓரத்தில் நீலக் கூடாரம் வந்தது. அடிபட்டவனை உள்ளே அழைத்துப்போய்ப் பரிசோதிக்கிறார்கள். டிவியில் பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. கூடாரத்துக்குள் போகிறவன் பொறி கலங்கியவன். கலங்காத மற்றவர்கள் வெளியே முட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் கூடாரமும் கிடையாது.

நேர்மையாகச் சொல்லவேண்டும்: கூடாரம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆறாத கன்கஷன் மேல் இன்னொரு கன்கஷன் விழுவது ஆபத்து, அபூர்வமாகச் சின்னப் பையன்கள் செத்தும் போயிருக்கிறார்கள். கோச் என் தோழியிடம் சொன்னது முழுக்கச் சரி. அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, அது ஆட்டத்தின் இயல்பு என்பார்கள். அதுவும் பொய். 2011-ல் ஆட்டக்காரர் சங்கம் லீகோடு போட்ட ஒப்பந்தத்தில் சீசன் நடக்கும்போது முழுக் கவசத்தோடு முட்டிக்கொள்ளும் பயிற்சி மொத்தம் 14 நாள்தான் என்று எழுதிவிட்டார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு. இது படத்தில் வரலாமா? வந்திருந்தால் யாரும் அழ மாட்டார்கள், ஆனால் ஒரு கோடி அம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்கவேண்டிய கேள்வி கிடைத்திருக்கும்.

கண்டுபிடிப்புக் கதையாகச் சொன்னதிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஒரு தனி மனிதன், ஒரு மூளை, ஒரு புது நோய் என்று ஓடுகிறது கதை. நோய் புதுசில்லை. 1928-ல் நியூ ஜெர்சியில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற சவப் பரிசோதனை மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதிவிட்டார். நடை தள்ளாடும், பேச்சு குழறும், குடித்தவன் மாதிரி இருப்பான், ரசிகர்களே அதற்குக் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். சிடிஇ என்ற பெயரையே 1949-ல் பிரிட்டனில் மெக்டொனால்ட் கிரிட்ச்லி குத்துச்சண்டைக்காரர்களுக்காகப் பயன்படுத்தினார். 1973-ல் கோர்செலிஸ் குழுவினர் 15 குத்துச்சண்டைக்காரர்களின் மூளையைப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். ஒமாலு செய்தது குறைந்ததில்லை. குத்துச்சண்டைக்காரனின் நோயை ஹெல்மெட் போட்ட ஆட்டக்காரனிடம் தேடவேண்டும் என்று தோன்றுவதற்கே ஒரு துணிச்சல் வேண்டும்.

மார்ட்லண்ட் யாருக்கு இது அதிகம் வருகிறது என்று எழுதியதைப் பாருங்கள். சாமர்த்தியமாக விலகத் தெரியாமல் வாங்கி வாங்கி அடிக்கிறவர்களுக்கு. அதோடு, பெரிய வீரர்கள் பயிற்சி எடுப்பதற்காகக் கூலிக்கு வைத்திருந்த ரெண்டாந்தர ஆட்களுக்கு. அதாவது, மேடையில் ஒரு தடவை வீழ்ந்தவனைவிட, ஜிம்முக்குள் தினமும் வாங்கியவனுக்கு. 95 வருஷம் கழித்து 631 மூளைகள் சொன்னதை ஒரு மனுஷன் கண்ணால் பார்த்தே எழுதியிருக்கிறார். ஒமாலு மட்டும் தனியாக நிற்கும் கதைக்குள் இவருக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு வில்லன் வேண்டும் என்ற அவசரத்தில் வேறு சில காரியங்களும் நடந்திருக்கின்றன. ஒமாலுவின் மேலதிகாரி சிரில் வெக்ட் மீது மத்திய அரசு தொடுத்த வழக்குக்கும் லீகுக்கும் முடிச்சுப் போடுகிறது படம், அதற்கு ஆதாரம் ஒன்றும் காட்டாமல். 2011-ல் தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று எழுதி வைத்துவிட்டு நெஞ்சில் சுட்டுக்கொண்ட டேவ் டூயர்சனை ஈவிரக்கமில்லாதவராகக் காட்டியதற்கு அவர் குடும்பம் வருத்தப்பட்டது. நியாயமான வருத்தம்.

வெப்ஸ்டர் இறந்த அதே 2002-ல், ஜனவரியில், இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் என்ற பழைய உதைபந்து வீரர் 59 வயதில் மறதி நோயோடு இறந்தார். தலையால் முட்டி கோல் போடுவதில் பேர்போனவர். அவர் மரணத்தை விசாரித்த அதிகாரி பந்தைத் தலையால் முட்டியதுதான் காரணம் என்று சொல்லி, 'தொழில் நோயால் மரணம்' என்று தீர்ப்பு எழுதினார். நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் போனவனுக்கு எழுதுகிற தீர்ப்பு. அதில் கன்கஷன் என்ற பேச்சே இல்லை. பிட்ஸ்பர்க்கில் மைக்ராஸ்கோப்பும் வக்கீல்களும் சண்டை போடத் தொடங்கும் முன்பே, ஒரு சாதாரண அதிகாரி விஷயத்தின் பெயரைச் சரியாக வைத்துவிட்டார். 2014-ல் அந்த மூளையை மறுபடி பார்த்தபோது சிடிஇ இருந்தது.

ஸ்காட்லாந்தில் பிறகு பெரிய அளவில் கணக்கெடுத்தார்கள். பழைய தொழில்முறை உதைபந்து வீரர்கள் 7,676 பேர், ஒப்பிட ஊர்க்காரர்கள் 23,028 பேர். மூளை தேயும் நோய்களால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. 2021-ல் அதே கூட்டத்தை ஆடிய இடம் பார்த்துப் பிரித்தார்கள். பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு மிக அதிகம். கோல்கீப்பர்களுக்குக் கூடுதல் ஆபத்தே தெரியவில்லை. அதே சம்பளம், அதே பயிற்சி மைதானம், அதே பயணம், அதே பீர். கோல்கீப்பருக்குக் கை இருக்கிறது, பந்தைத் தலையால் முட்டத் தேவையில்லை. இதைவிடத் தெளிவான சோதனையை யாராலும் வேண்டுமென்றே செய்துவிட முடியாது.

இனி சிப்பாய்கள். படத்தில் அவர்கள் இல்லை, இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் அதே பிழை அங்கே இன்னும் கொடூரமாக நடந்திருக்கிறது. அமெரிக்கப் படையில் ஒருவனுக்கு மூளைக் காயமா என்று தீர்மானிக்கக் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். நினைவு தப்பியதா? குழப்பமாக இருந்ததா? நடந்தது மறந்துபோனதா? எல்லாம் பொறி கலங்கியதா என்ற ஒரே கேள்விதான். சாலையோரக் குண்டில் வண்டியோடு தூக்கியெறியப்பட்டவன் 'ஆமாம்' என்பான். பீரங்கி சுடுகிறவன் என்ன சொல்வான்? 2017-ல் சிரியாவில் ரக்கா நகர்மேல் ஒரு மரீன் பீரங்கிப் படை ஐந்து மாதத்தில் 35,000 குண்டுகள் சுட்டது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்த அலை பக்கத்தில் நிற்கிறவனின் நெஞ்சிலும் மண்டையிலும் ஏறி இறங்கும். ஒருவனுக்கும் காயமில்லை, எதிரி சுட்ட குண்டு ஒன்றும் விழவில்லை. இப்படிப்பட்ட பீரங்கிப் படைகளிலிருந்து ஊருக்குத் திரும்பியவர்களில் சிலருக்குத் தூக்கம் போனது, தலைவலி, யாருமில்லாத இடத்தில் ஆள் தெரிவது, தற்கொலை. 2023 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. ஆரம்பத்தில் அவர்களில் பலரின் கோப்பில் 'மூளைக் காயம்' என்ற சொல்லே இல்லை. ஏன் என்றால் அவர்களைக் காயப்படுத்தியது அவர்களுடைய சொந்த ஆயுதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆட்டக்காரனுக்கு வருவதுதான் சிப்பாய்க்கும் வருகிறது என்று எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. 2022-ல் வந்த ஆய்வு அதை விடமாட்டேன் என்கிறது. ராணுவத்தினரின் மூளைகள் 225. அதில் சிடிஇ இருந்தது பத்தே பத்தில். அந்தப் பத்துப் பேரும் ஏதோ ஒரு காலத்தில் முட்டி மோதும் விளையாட்டு ஆடியவர்கள். ஆடாத 165 பேரில் ஒருவருக்கும் இல்லை. குண்டுவெடிப்பில் சிக்கியதற்கும் நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அப்படியானால் சிப்பாய் பொய் சொல்கிறானா? இல்லை. 2016-லேயே டேனியல் பெர்ல் குழுவினர் குண்டுவெடிப்புகளில் சிக்கிய சிப்பாய்களின் மூளையில் வேறொரு தழும்பைக் கண்டிருந்தார்கள். மூளைத் திசு திரவத்தோடும் ரத்தக்குழாயோடும் சேருகிற எல்லைகளில் படிந்த தழும்பு, டாவ் இல்லை. மெய்ன் மாநிலத்தில் 2023 அக்டோபரில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவர் ராணுவத்தில் கையெறிகுண்டுப் பயிற்சி கொடுத்துவந்தவர். அவர் மூளையிலும் சிடிஇ இல்லை, நரம்பிழைகள் சிதைந்திருந்தன. அவர் செய்ததற்கு அதுதான் காரணமா என்று மூளையைப் பார்த்தவர்களே உறுதியாகச் சொல்லவில்லை. சிடிஇ என்ற பிரபலமான பெயருக்குள் எல்லோரையும் அடைத்தால், பெயருக்குள் அடங்காத சிப்பாய் மறுபடியும் 'ஒன்றுமில்லாதவன்' ஆகிவிடுவான். 2024 ஆகஸ்டில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பயிற்சியில் வாங்கும் அழுத்த அலைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே மூளைத்திறன் சோதனை எடுத்து வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது.

என் பங்குக்கு இன்னொரு தப்பையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். 2017-ல் லீகில் ஆடிய 111 பேரின் மூளையில் 110-ல் சிடிஇ இருந்தது என்ற ஆய்வு வந்தபோது, 99 சதவீதம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த மூளைகள் குடும்பத்தினர் சந்தேகப்பட்டுக் கொடுத்தவை, ஆய்வாளர்களே கட்டுரையில் அதைச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணுவது போன்றது அது. அதற்காக ஒன்றுமில்லை என்றும் ஆகாது. சாதாரண ஜனங்களின் மூளைகள் 164-ஐப் பார்த்தபோது ஒன்றில்தான் சிடிஇ இருந்தது, அவரும் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர்.

99 சதவீதத்தை ஊதியதற்கு ஒரு விலையும் இருக்கிறது. 2024-ல் உயிரோடு இருக்கும் பழைய லீக் ஆட்டக்காரர்கள் 1,980 பேரைக் கேட்டதில் மூன்றில் ஒருவர் தனக்குச் சிடிஇ வந்துவிட்டது என்று நம்புகிறார். அப்படி நம்புகிறவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட மிக அதிகம். எது எதனால் என்று சொல்ல முடியாது. ஆனால் இவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு, தீராத வலி மாதிரி வைத்தியம் உள்ள விஷயங்கள். படத்தில் தலையில் அடிபட்ட ஒவ்வொரு ஆளும் ஒரே வழியில் போய் ஒரே மாதிரி முடிகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற ஒரு பழைய ஆட்டக்காரன் டாக்டரிடம் போவானா, போய் என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் உட்காருவானா?

இதே விஷயத்தை 2013-ல் பிபிஎஸ் தொலைக்காட்சியின் 'லீக் ஆஃப் டினையல்' ஆவணப்படம் இன்னும் நன்றாகச் சொன்னது. அதில் ஒமாலு பலரில் ஒருவர். வில் ஸ்மித் இல்லாததால் என் தோழி அதைப் பார்க்கவில்லை.

நேற்று அவளைக் கூப்பிட்டேன். நான் சொன்னது தப்பு என்று நேரடியாகச் சொல்லிவிட்டேன். "இப்போ என்ன பண்ணச் சொல்ற? பேரை வாபஸ் வாங்கவா?" என்றாள். அதை நான் சொல்ல முடியாது, கோச்சிடம் வேறு ரெண்டு கேள்வி கேள் என்றேன். வாரத்தில் எத்தனை நாள் முட்டிக்கொள்ளும் பயிற்சி? பையனை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்? இடுப்பில் கட்டிய துணியை உருவினால் போதும், முட்டவேண்டாம் என்கிற ஆட்டமும் பக்கத்தில் எங்காவது இருக்கும், பதினாலு வயது வரைக்கும் அதுவே போதும் என்று சொல்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அதையும் விசாரி என்றேன்.

"எடம் தெரியும். வாட்டசாட்டமா இருக்கான்னு லைன்ல போட்டிருக்காங்க. ரொம்ப பெருமை அவனுக்கு."

2011-ல் வந்த ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினேன். உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரன் 14 வார சீசனில் தலையில் வாங்கும் அடி சராசரியாக 652. ஓடிப் பந்து பிடிக்கிறவர்களுக்கு 372. லைனில் நிற்கிறவனுக்கு 868. அவன் ஏழாம் வகுப்புதான், எண் அப்படியே பொருந்தாது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து பேசப்போகிறார்களாம். பையனுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டவா என்று கேட்டாள். முழுசா வேண்டாம், 70,000 என்று ஒரு கணக்கு வரும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவனையே வகுத்துப் பார்க்கச் சொல் என்றேன்.